பாதியில் நின்ற அவள் குரல்

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. வெளியே மழை. மலையில் மூடுபனி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. உள்ளே நானும் அப்படித்தான், கம்ப்யூட்டருக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷக் கோடையில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையோடு பேச்சும் போயிற்று. பக்கத்து லயத்து வீடுகளுக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள். அதன் பிறகு வீடு, மெஷின் நின்றுபோன ஃபேக்டரி மாதிரி ஆகிவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர், அவள் முன்பு பேசிய வீடியோ இருந்தால் தினமும் போட்டுக் காட்டச் சொன்னார். இருந்தது. பழைய போன் உடைவதற்கு முன் எல்லாவற்றையும் கேபிளில் சொருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஏற்றியிருந்தேன். வேறெங்கும் பிரதி இல்லை.

அன்று காலை வீடியோவைத் திறந்தால் அவள் பேச வாயெடுப்பாள், படம் உறைந்துவிடும். அடுத்ததும் அப்படியே. லீவுக்கு வந்திருந்த மகள் வேறொரு பிளேயர் போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்யப் பார்த்தாள். பாதியில் டிஸ்க்கே காணாமல் போனது, திரும்ப வந்தது, மறுபடியும் போனது. குடையோடு ரேஞ்ச் கிடைக்கும் வளைவுவரை போய், தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன். ஃபார்மட் பண்ணினால் டிஸ்க் பிழைக்கும், உள்ளே இருப்பது கிடைக்காது என்றார். அதே குரலை இரண்டாம் தடவை இழக்கப் போகிறேன் என்று நினைத்தபடி மேடேறினேன்.

வந்தால், மனைவி இடது கையால் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாள். தலைவலியா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். மகள் பொட்டு அட்டையைக் கொண்டுவந்து ஒன்றை ஒட்டிவிட்டாள். மனைவி அதைப் பிய்த்து என் சட்டையில் ஒட்டினாள்.

"கொஞ்சம் பொறும்மா. அப்பாவே கடுப்புல இருக்காரு."

அவள் பொறுக்கவில்லை. எட்டி டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி, டிஸ்க்கை எடுத்து அதில் சொருகும் இடத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். உள்ளே காய்ந்த சந்தனம்.

அப்போதுதான் உறைத்தது. இடது கை பழகிவிட்ட சந்தோஷத்தில், முந்தின நாள் பூஜைக்கு மிக்ஸி, தையல் மெஷின், மவுஸ் என்று எல்லாவற்றுக்கும் அவளேதான் சந்தனம் வைத்தாள். தண்ணீராகக் கரைத்த சந்தனம், நடுங்கும் விரல். டிஸ்க்குக்கு வைத்தது அந்த ஓட்டைக்குள் இறங்கியிருக்கிறது.

மகள் புதுப் பல் பிரஷ் ஒன்றை எடுத்து மெல்லச் சுரண்டினாள். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. சொருகினோம். ஓடியது. நிற்காமல் ஓடியது. திரையில் அடுப்படி, அதில் அவள், என் போனை முறைத்துக்கொண்டு:

"படம் எடுக்கிறாராம் படம். அத ஓரமா வச்சிட்டு வெங்காயத்த உரிங்க."

மகள் சிரித்துச் சிரித்து அழுதாள். திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் மனைவியின் உதடு அசைகிறது. "வெங்…" என்று ஒரு சத்தம். அரைச் சொல்தான். அதைக் கேட்க அந்த வீடியோவை அன்று எத்தனை முறை போட்டோமோ!

இன்று அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அவள் கை அசைந்தால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, என்ன சொல்கிறாள் என்று முதலில் அந்தக் கையைத்தான் கேட்கிறேன்.