கடைசியில் வைத்த கண்

சோணைமுத்து ஆசாரிக்குப் பயம் கூடப்பிறந்தது. செக்காலைப் பகுதியில் கோயில் வாகனம் செய்கிற வீட்டில் பிறந்தவர், உளி ஒத்துவராமல் சினிமாக் கொட்டகைக்கு விளம்பரச் சிலைடு எழுதப் போனார். ஒரு எழுத்து கோணினால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் 1968இல் சுகாதார ஆய்வாளர் வந்து, அம்மைத் தடுப்பு ஊசிக்காக ஒரு ஓடுகிற சித்திரப் படம் செய்து தரச் சொன்னார்.

அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் மகள் சிந்தாமணி. கைக்குழந்தையில் அம்மை கண்டு பார்வை போய்விட்டது. கண்மணி இரண்டும் ஒரு இடத்தில் நிற்காது, அலைந்துகொண்டே இருக்கும். அதை வெளியூர்க்காரர் யாரும் பார்க்காதபடி மனைவி மீனம்மாள் ஆறு வருஷமாகப் பிள்ளையை முந்தானைக்குள் வைத்தே வளர்த்தாள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நம்ம பிள்ள சாயல் மட்டும் படத்துல வந்துறக் கூடாதுங்க. நாளைக்கு அவளுக்கும் ஒருத்தன் வரணும்ல."

வராது என்று சோணைமுத்து கையடித்துச் சொன்னார்.

வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஹபீப் ரகுமான். அவருடைய மாமு, தாய்மாமன், மலாயாவிலிருந்து கொண்டுவந்த சின்ன பிலிம் கேமராவை மரச்சட்டத்தில் தலைகீழாகக் கட்டி, கீழே ஒவ்வொரு தாளாக வைத்துப் படமெடுக்க வேண்டும். கை உயர வேண்டுமென்றால் தாளுக்குத் தாள் மயிரிழை உயர்த்தி வரைய வேண்டும். தாள் நகர்ந்தால் எல்லாம் போச்சு என்று ஹபீப் எச்சரித்திருந்தார். அதனால் பலகையில் இரண்டு ஆணி அடித்து, தாள்களில் துளையிட்டு, ஆணியில் மாட்டியே வரைந்தார் சோணைமுத்து. ஊசி போட்டுக்கொண்ட சிறுமி கயிறு தாண்டி விளையாடுகிறாள், அவ்வளவுதான் கதை.

முகத்தில் கண்ணை மட்டும் வைக்கவில்லை. அவர்கள் வீட்டில் குதிரையானாலும் காளையானாலும் கண் திறப்பது கடைசியில்தான். எல்லாத் தாளும் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை குளித்து முழுகி, தாள்களை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கண் எழுதினார் மனிதர். பக்தி மிஞ்சிப்போய்ச் செய்த காரியம்! தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணும் அழகுதான்.

தாள்களைத் திரும்ப ஆணியில் மாட்டிப் படமெடுத்து, பிலிமைக் கழுவ மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். வருமா, கெட்டுப்போகுமா என்று தினமும் தபாலாபீசுக்கு நடந்தார். கோவிலூரில் படம் காட்டுகிற அன்று சாயங்காலம்தான் பெட்டி வந்து சேர்ந்தது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

மடத்துக்கு முன்னால் வேட்டித் திரை கட்டியிருந்தது. மீனம்மாளும் மகளை முந்தானைக்குள் மூடிக்கொண்டு வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். படம் ஓடியது. சிறுமி நன்றாகத்தான் கயிறு தாண்டினாள். ஆனால் கண்மணி இரண்டும் நிற்கவில்லை. மடியில் வைத்து எழுதியதில் தாளுக்குத் தாள் மயிரிழை விலகி, இங்கும் அங்கும் நடுங்கின, அச்சு அசல் சிந்தாமணியின் கண்.

சோணைமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. ஊசி குத்தினால் கண் இப்படித்தான் ஆகுமாம் என்று ஒருத்தி சொன்னாள். இரண்டு மூன்று பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நல்லது செய்ய வந்து இத்தனை பிள்ளைகளைக் கெடுத்தோமே என்று அவருக்குக் கை கால் ஓடவில்லை. எழுந்து சொல்லலாம் என்றால் என்னத்தைச் சொல்வது, மகளைக் காட்டியா?

அப்போது மீனம்மாள் எழுந்தாள். முந்தானையை விலக்கி, சிந்தாமணியைக் கையைப் பிடித்து நடத்திவந்து, திரைக்கு முன்னால் அந்த வெளிச்சத்தில் நிறுத்தினாள்.

"இது எம் மக. நல்லாப் பாத்துக்கங்க. இவளுக்கு ஊசி குத்தல. குத்த வந்தாகன்னு குதிருக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சவ நான்தான். அதான் இந்தக் கண்ணு."

முகத்தில் விழுந்த வெளிச்சத்தின் சூட்டுக்குச் சிந்தாமணி தலையைத் திருப்பினாள். எழுந்து போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்து, இடுப்புப் பிள்ளையை இறக்கிவிட்டு ஆய்வாளரிடம் கேட்டாள்.

"நாளைக்கு எங்குட்டு வச்சுக் குத்துறீக?"