பழசாக்கி உடுத்தும் புதுத்துணி

எங்கள் வீட்டில் புதுத்துணியைப் பழசாக்கிவிட்டுத்தான் உடுத்துவோம். வாங்கி வந்ததும் விலைச் சீட்டைக் கிழித்து, சோப்பில் இரண்டு முறை கும்மி, வெயிலில் காயப்போட்டு, கஞ்சி மொடமொடப்பும் கடை வாசமும் போன பிறகே உடம்பில் ஏறும். அறந்தாங்கியில் இருக்கும் என் அம்மாவுக்கு இதைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வாள். அங்கே புதுச்சேலை என்றால் முந்தி ஓரத்தில் மஞ்சள் தடவி, தெருவில் நாலு வீடு ஏறி இறங்கிக் காட்டிவிட்டு வந்தால்தான் கட்டியதாகவே கணக்கு. இங்கே, மலாக்காவின் அலோர் காஜாவில், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று உடுத்துகிறோம்.

காரணம் ஒரு லாரி. என் நாத்தனார் சாந்தியின் புருஷன் மணியம் லாரி வாங்கியபோது, என் வீட்டுக்காரர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நான் கல்யாணமாகிக் கப்பலேறாத குறையாக இங்கே வந்து சேர்வதற்கு முன்பே நடந்தது அது. மணியம் தவணை கட்டாததால் லாரி போயிற்று, கடன் மட்டும் எங்கள் வாசலுக்கு வந்தது. கோர்ட்டில் மாதத் தவணை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதமும் தவறவில்லை. மடியில் கனமில்லை, ஆனாலும் வழியெல்லாம் பயம். கையில் காசு புரளுகிறது என்று யாராவது போட்டுக் கொடுத்தால் தவணையை ஏற்றிவிடுவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

அந்தப் பயம் என்னையும் தொற்றியது. ஒரு தடவை தவணை கட்ட அவருடன் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் என் சேலையை மேலும் கீழும் பார்த்து, "சந்திக்லா, காக்காக்!" என்றாள். எனக்கு மலாய் தெரியாது. விலை போடுகிறாள் என்றே நினைத்து, முந்தியை இழுத்துச் சரிகையை மறைத்துக்கொண்டேன். "அழகா இருக்கு அக்கான்னுதான் சொன்னாங்க, லா" என்றார் இவர், வெளியே வந்து. சொல்லிவிட்டு அவரும் யோசித்தார். "இனிமே இத கட்டிக்கிட்டு வராத."

இப்படியிருக்கும்போதுதான் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சாந்தி போன் பண்ணினாள். மகள் கவிதா பெரிய பிள்ளையாகிவிட்டாள். தோட்டத்து ஹாலில் சடங்கு, சாப்பாடு, மைக் செட். "அண்ணி, அண்ணன் சீர்தான் மொத வரணும்." தாய்மாமன் பட்டு இல்லாமல் பிள்ளையை மணையில் உட்கார வைக்க முடியாது, அது அறந்தாங்கியிலும் அப்படித்தான், நியாலாஸிலும் அப்படித்தான். கடல் தாண்டியும் மாறாத ஒரே சட்டம் அது. லாரிக் கடனை எங்கள் தலையில் கட்டியவனுக்கு ஹாலும் மைக்கும் எங்கிருந்து வந்தன? மட்டமான சேலை எடுத்தால் "மாமன் சீரு இவ்ளோதானா" என்பார்கள். நல்லதாக எடுத்தால் "காசு இருந்துக்கிட்டுதான் மூக்கால அழுவுறான்" என்பார்கள். பிள்ளை என்ன பாவம் செய்தது? நான் ரவிக்கை தைத்துச் சேர்த்த காசை எடுத்துக் கொடுத்தேன்.

அலோர் காஜாவில் தெரிந்த முகங்கள் அதிகம் என்று மலாக்கா டவுனுக்கு பஸ் ஏறினோம். எங்கள் ஊரில் ஜவுளி எடுப்பது ஒரு ஊர்வலம். அத்தை, சித்தி, எதிர்வீட்டுக்காரி எல்லாம் சேர்ந்து போய்க் கடையையே புரட்டிப் போடுவோம். இங்கே நாங்கள் நுழைந்த விதத்தைப் பார்த்தால் எவனும் சந்தேகப்பட்டிருப்பான். நான் உள்ளே சேலை பார்க்க, அவர் கடைக் கண்ணாடிக்கு உள்பக்கம் நின்று தெருவைப் பார்த்தார். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டு ஒன்று அமைந்தது. ரொக்கம் கொடுத்தோம். "ரிசிட்டு வேணாம். பையும் வேணாம்" என்றார். நான் சேலையைப் பழைய பேப்பரில் சுற்றி, பாசாரில் வாங்கிய கீரைக்கட்டுக்கு அடியில் கூடைக்குள் செருகினேன்.

வாசலில் நின்ற கடைக் காவல்காரன் கையை நீட்டி மறித்தான். "கூடையில என்னா?" கீரையை விலக்கினான். பட்டு எட்டிப் பார்த்தது. "ரிசிட்டு எங்க?" காசு வாங்கிய ஆள் அதற்குள் சாப்பிடப் போய்விட்டான். கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அட கடவுளே, காசு கொடுத்து வாங்கிய சேலைக்குத் திருட்டுப் பட்டமா!

"என்னா மச்சான், என்னா பிரச்சன?" பின்னால் மணியத்தின் குரல். இரண்டு கையிலும் அந்தக் கடைப் பைகள். சடங்குக்குத் துணி எடுக்க வந்திருக்கிறான், அதுவும் அங்கே கடன் கணக்கில் என்று பிறகு தெரிந்தது. வாசல்காரன் அவனைப் பார்த்ததும் குழைந்தான். மணியம் அவன் தோளைத் தட்டினான். "இவரு என் மச்சான், லா. திருடற ஆளு இல்ல. நான் ஜாமீன்."

எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. வாசல்காரன், "அண்ணன் சொன்னா சரி, போங்க" என்று வழிவிட்டான்.

இவர் போகவில்லை. கூடையை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"ஜாமீன் வேணாம், மாப்ள. காசு வாங்கின ஆளு வரட்டும். நான் நிக்கிறேன்."

மணியத்தின் முகம் அப்போதுதான் சுருங்கியது. அந்த ஆள் பல் குத்திக்கொண்டு திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றோம். அவன் வந்து, மன்னிப்புக் கேட்டு, ரிசிட்டுப் போட்டு, சேலையைப் பெட்டியில் வைத்துக் கடையிலேயே பெரிய பையில் கொடுத்தான். இவர் அதை ஆட்டிக்கொண்டே பஸ் ஸ்டேஷன்வரை நடந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அலோர் காஜா நெருங்கியதும் பஸ்ஸுக்குள்ளேயே கடைப் பெயர் தெரியாதபடி பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, பெட்டியை மறுபடி வைத்தார். எனக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

சடங்கில் கவிதா அந்தப் பட்டைக் கட்டி எங்கள் காலில் விழுந்தாள். தூக்கியபோது புதுத்துணி வாசம் மூக்கில் ஏறியது. ஒரு நிமிஷம் அறந்தாங்கியில் நின்றேன். "தாய்மாமன் சீர் வந்துவிட்டது" என்று மைக்கில் சொன்னார்கள். மணியம் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

பிள்ளைக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் நானுமாகப் படம் எடுத்தார்கள். பிரதி ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன். கண்ணாடி போட்டு, வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறாளாம். "என் மருமகன் மலேசியாவுல செஞ்ச சீரப் பாருங்க" என்று தெருவுக்கே காட்டுகிறாளாம். அதே படம் இங்கே எங்கள் வீட்டில், அலமாரியில், துவைத்துப் பழசாக்கிய துணிகளுக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கிறது.