எண் எழுதாத குடிசைகள்

சூசையப்பன்கொட்டாய் பஞ்சாயத்து கிளார்க் சவுரியப்பனுக்கு வரி வசூலிக்கத் தெரியாது என்று ஊரே சொல்லும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஏழைபாழைகள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சொல்வார்கள்.

ஏரிக்கரைப் புறம்போக்கில் ஐம்பத்திரண்டு குடிசைகள் இருந்தன. எல்லாம் கல்லுடைக்கிற சனம். ஒவ்வொரு குடிசையிலும் எண் எழுதி, ரிஜிஸ்தரில் ஏற்றி, வருஷத்துக்கு நாலு ரூபாய் வீட்டு வரி வாங்க வேண்டியது அவர் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர், முதல் குடிசையிலேயே நின்றுவிட்டார். அது மதலேனம்மாளின் குடிசை. அவள் புருஷன் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து செத்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"இங்க எழுதிட்டா காசு கேப்பாங்களாண்ணா?" என்று கேட்டாள்.

சவுரியப்பன் டப்பாவை மூடினார். அவளை விட்டுவிட்டுப் பக்கத்துக் குடிசையில் எழுத மனசு வரவில்லை. அப்படியே ஐம்பத்திரண்டும் தப்பின. பதினோரு வருஷம் அந்தப் பக்கம் அவர் தாரைக் கொண்டுபோகவே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், வரி பாக்கியே இல்லாத பஞ்சாயத்து என்று யூனியன் ஆபீஸில் அவருக்கு நல்ல பெயர். கட்ட முடியாதவன் பெயர் ரிஜிஸ்தரில் இருந்தால்தானே பாக்கி நிற்கும்!

பக்கத்து ஊர் பாறைப்பட்டியின் கிளார்க் தீர்த்தகிரி வேறு மாதிரி. கூரை என்று ஒன்று இருந்தால் அதற்கு வரி உண்டு என்பது அவர் வேதம். ஆட்டுப்பட்டிக்கும் எண் போட்டுவிட்டு வருவார். ஊரே அவரைச் சபிக்கும். அவர் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

எண்பத்தேழில், வசூலான வீட்டு வரிக்கு ஈடாகச் சர்க்கார் தரும் பணத்தோடு வேறு நிதியும் சேர்ந்து, இந்த இரண்டு ஊருக்குமாக நாற்பது தொகுப்பு வீடுகள் வந்தன. எப்படிப் பிரிப்பது? ஆளுக்குப் பாதி என்றது பாறைப்பட்டி. எங்கள் ஊர்தான் பெரிசு என்றது சூசையப்பன்கொட்டாய். குழாய்க்கும் ரோட்டுக்கும் அடித்துக்கொண்டது போதாதென்று இதற்கும் தொடங்கிவிட்டார்கள். யூனியன் ஆபீஸில் கூட்டம் போட்ட ஆபீசர் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்போது, அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத சவுரியப்பன் எழுந்தார்.

"கூரை வூடு எந்த ஊர்ல எத்தன இருக்குதோ, அந்தக் கணக்குல பிரிச்சிடுங்க சார். அதாங்க ஞாயம்."

ஏரிக்கரையை நினைத்துத்தான் சொன்னார். மதலேனம்மாளுக்கு முதல் வீடு என்றே மனசுக்குள் முடிவு செய்திருந்தார். ஆபீசர் ஜீப்பில் வந்து எண்ணிப் பார்ப்பார் என்று நம்பினார், பாவம்.

"நல்ல யோசனை. ரெண்டு ரிஜிஸ்தரையும் எடுங்க" என்றார் ஆபீசர்.

தவளை தன் வாயால் கெட்டது. பாறைப்பட்டி ரிஜிஸ்தரில் கூரை வீடு அறுபத்தொன்று. சூசையப்பன்கொட்டாயில் ஒன்பது. பாறைப்பட்டிக்கு முப்பத்தைந்து வீடு, இவர்களுக்கு ஐந்து, அதுவும் ரிஜிஸ்தரில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் என்று அங்கேயே முடிவாயிற்று.

"சார், ஏரிக்கரைல இன்னும் அம்பத்திரண்டு குடிசைங்க இருக்குதுங்க."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷத்துக்கு மேலங்க."

"அப்ப வரி எங்கய்யா?"

சவுரியப்பன் உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் குற்றம் தன்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டு ஆபீசரிடம் போனார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. படித்து, மடித்து, மேஜைமேல் வைத்தார். "லிஸ்ட் தர்மபுரிக்குப் போயாச்சு. இதை நான் வாங்கினா உங்க வேலை போகும், வீடு வராது. கொடுக்கிறீங்களா, வச்சுக்கிறீங்களா?" என்றார்.

சவுரியப்பன் கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரோஷக்காரனாக இருந்தால் கொடுத்திருப்பான் என்று சொல்வது நமக்கு எளிது. அவர் மனைவி லூர்தம்மாளின் இழுப்புக்கு மாதாமாதம் மருந்து வாங்கியாக வேண்டும். மாதா கோயிலில் சாமியாரிடம் குற்றத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். இரக்கப்படுவது பாவமில்லை என்று அவர் அனுப்பிவைத்துவிட்டார். அதற்குப் பிறகு போய்ச் சொல்ல சவுரியப்பனுக்கு ஓர் இடம் இல்லை.

ஐப்பசி மழையில் மதலேனம்மாள் குடிசையின் ஒரு சுவர் விழுந்தது. கல் குவாரியிலும் வேலை நின்றிருந்ததால், பாறைப்பட்டியில் எழும்பிக்கொண்டிருந்த வீடுகளுக்குச் சித்தாளாகப் போனாள். ஒருநாள் சவுரியப்பன் அந்த வழியாக சைக்கிளில் வந்தார். அவள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இந்த வரிசைல இது கடைசி வூடுங்கண்ணா. நாளைக்குத் தளம் போடறாங்க."

"உன் செவுரு என்னாச்சு?"

"சாக்கு கட்டியிருக்கேன். சின்னவனுக்குத்தான் ராவெல்லாம் இருமல்."

அவர் சைக்கிளிலிருந்து இறங்கினார். "மதலேனா, அந்த லிஸ்ட்டுல..."

"வுடுங்கண்ணா. ஆபீஸ்ல எவனோ எங்கள எழுதாம வுட்டுட்டான். அவன் கை வெளங்காமப் போவட்டும். உங்க கையில இருந்திருந்தா வுட்டிருப்பீங்களா?"

மேலேயிருந்து மேஸ்திரி சாந்து கேட்டுச் சத்தம் போட்டார். அவள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, "ஒரு கை புடிச்சு ஏத்தி வுடுங்கண்ணா" என்றாள்.

சவுரியப்பன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, சாந்துச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவள் தலையில் வைத்தார்.