ஒரே படம், இரண்டு பிரிண்ட்

வேலூரில் நடக்கவிருந்த ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு என் படம் ஒன்றைக் கேட்டிருந்தார்கள். எங்கள் தோல் தொழிற்சாலை ஷெட்டுக்குள் கம்பிகளில் வரிசையாகத் தொங்கும் ஆட்டுத்தோல்கள், கருப்பு வெள்ளையில். எங்கே பிரிண்ட் போடுவது என்று முடிவு செய்ய ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் கொடுத்தேன். ஒன்று ஆம்பூரில் கல்யாண ஆல்பம் போடும் லேப். மற்றது வேலூரில் தடித்த பருத்திக் காகிதத்தில் இங்க்ஜெட்டில் அச்சடித்துத் தருகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். வேலூர் பிரிண்டில் கருப்பு ஆழமாக இருந்தது. ஷெட்டின் இருட்டு மூலையில் கிடந்த வாளியின் விளிம்புகூடத் தெரிந்தது. ஆம்பூர் பிரிண்டில் அந்த மூலை மொத்தமாக அடைத்துப் போயிருந்தது. ஆனால் தோலின் வரி, நரம்பு, உண்ணி கடித்த தழும்பு எல்லாம் அதில்தான் கூர்மை. எதை அனுப்புவது என்று குழம்பினேன். நான் அவ்வளவு சீக்கிரம் குழம்புகிறவன் இல்லை. தோல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஷேட் பார்ப்பதுதான் என் வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த சாம்பிள் துண்டோடு சாயமேற்றிய தோலை ஒப்பிட்டு, நிறம் சரி என்றால் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகுதான் அது ஷூ செக்‌ஷனுக்குப் போகும். நிறம் பார்க்க மெஷின் வாங்கலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம் முதலாளி என்னைக் காட்டிச் சிரிப்பார்.

என் மனைவி காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது ஒண்ணு மட்டும் ஏன் பச்சையா இருக்குது?"

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். உனக்குப் பச்சை. போய் வேலையைப் பாரு" என்றேன்.

அவள் போகவில்லை. ஆம்பூர் பிரிண்டைத் தொட்டுக் காட்டினாள். "பாசி புடிச்ச மாதிரி இருக்குதுங்க. தெரியல?"

தெரியவில்லை. டியூப்லைட்டின் வேலை என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் டியூப்லைட்டை யாரும் நம்புவதில்லை. நிறம் பார்க்க வடக்கு ஜன்னல் வேண்டும், நேர் வெயில் படாத காலை வெளிச்சம் வேண்டும். இரண்டு பிரிண்டையும் வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். தோலைப் பார்ப்பதுபோல ஒன்றின் மேல் ஒன்றைப் பாதி மூடி, விளிம்பில் விளிம்பு படும்படி பிடித்தேன். இரண்டும் சாம்பல்தான். ஒரே சாம்பல்.

ஆம்பூர் லேப்காரருக்குப் போன் போட்டேன். அவர் நியாயமான ஆள், மழுப்பவில்லை. "அது கலர் பேப்பர்ணா. அதுல கருப்பு வெள்ளை போட்டா கொஞ்சம் பச்சை அடிக்கும். உங்களுக்குத் தெரியாததா? நீங்க பாத்ததும் திட்டுவீங்கன்னு நானே பயந்துனு இருந்தேன்."

போனை வைத்தேன்.

பீரோவிலிருந்த பழைய தோல் மாதிரிகளில் கரும்பச்சையும் அடர் பழுப்புமாகப் பத்துத் துண்டுகளை எடுத்தேன். மனைவியைக் கலைத்துப் போடச் சொல்லி, ஒவ்வொன்றின் நிறத்தையும் சொன்னேன். நாலு தப்பு. அவள் துண்டுகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே, "நாளைக்கே கண் டாக்டர்கிட்ட போலாம்" என்றாள். எதற்கெடுத்தாலும் என்னைக் கிண்டல் செய்கிறவள், அன்று செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

கடந்த ஒரு வருடமாக நான் கலரில் படமே எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், கலர் கண்ணை ஏமாற்றும், கருப்பு வெள்ளைதான் உண்மை என்று பெரிதாக அளந்திருக்கிறேன். நானே அதை நம்பினேன். நிறங்கள் எனக்குச் சப்பென்று ஆகிக்கொண்டிருந்தன என்று ஒருநாளும் தோன்றவில்லை. போன மாதம் ஷூ செக்‌ஷனிலிருந்து ஒரு லாட் திரும்பி வந்தது, ஷேட் மாறியிருக்கிறது என்று. தோலுக்குச் சாயம் ஸ்ப்ரே அடிக்கும் பாய் மேல் எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தேன். அவர் அந்த லாட்டைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி சாயம் அடித்தார். அதற்கு முன் எத்தனை லாட்டுக்கு இப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்? இந்த வேலையைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

திங்கட்கிழமை அரை நாள் லீவு கேட்கத்தான் தொழிற்சாலைக்குப் போனேன். நான் கேட்பதற்குள் அதே பாய் ஒரு கட்டுத் தோலைத் தோளில் சுமந்துகொண்டு நான் நிறம் பார்க்கும் ஜன்னலுக்கு வந்துவிட்டார். பழுப்பு. சாம்பிள் துண்டை மேலேயே வைத்திருந்தார். நான் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். மடித்துப் பார்த்தேன். திருப்பிப் பிடித்துப் பார்த்தேன்.

"எப்டி இருக்குது பாய்?" என்றேன்.

"இன்னா அண்ணே, என்னைக் கேக்கறீங்க? ஜாஸ்தியா கம்மியான்னு நீங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்."

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டரிடம் போகலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனம் சொன்னது. தப்பானால் திட்டு வாங்கப்போவதும் பாய்தான்.

"எனக்குத் தெரியல பாய்" என்றேன்.

அவர் சிரித்தார். போன மாதம் திரும்பி வந்த லாட்டை நான் இப்படிக் குத்திக் காட்டுவதாக நினைத்திருப்பார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "எத்தினி நாளா அண்ணே?" என்றார்.