மலை இறங்க யார் சொல்லிக்கொடுத்தது?

போன செவ்வாய்க்கிழமை காலை கச்சிராயபாளையத்தில் என் ஸ்கூட்டர் பஞ்சர். கல்வராயன் மலையின் அடிவாரம் அது. வெள்ளிமலை ரோடு அங்கிருந்துதான் ஏற ஆரம்பிக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் முருகேசனின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன்.

முருகேசனுக்கு முப்பது வயது இருக்கும். வழக்கமாக என்னைப் பார்த்ததும், இந்த வண்டியை எப்போது பழைய இரும்புக்குப் போடப்போகிறேன் என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அன்று ஸ்டூலை மட்டும் நகர்த்திப் போட்டார்.

மூலையில் ஒரு பைக் நின்றது. ஹேண்டில்பார் ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. ஹெட்லைட் இருந்த இடத்தில் வயர்கள் மட்டும். பின்சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்.

பிரகாஷின் வண்டி அது. (இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னவர் அவன் அப்பாதான். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.) மலைமேல் ஒரு சின்ன ஊர். பதினேழு வயது, பிளஸ் டூ. பஸ் நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒத்துப்போகாததால் தினமும் அப்பாவின் பைக்கில் இறங்கி வருவான். லைசென்ஸ்? பதினேழு வயதில் ஏது லைசென்ஸ்?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, ரோடு வளைந்த இடத்தில் வண்டி வளையவில்லை. நேராகப் போய்விட்டது.

பேப்பரில் மூன்று வரி வந்தது. ‘கட்டுப்பாட்டை இழந்த பைக் பள்ளத்தில் கவிழ்ந்து மாணவர் பலி.’ அந்த வரியை நானும் என் நிருபர் நாட்களில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு ஒரு போன், பெயர், வயது, ஊர்... முடிந்தது. கட்டுப்பாட்டை எப்படி இழந்தான்? எந்த இடத்தில் இழக்க ஆரம்பித்தான்? ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்று கேட்டேன். முருகேசன், சக்கரத்துக்குள் உராய்ந்து வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூவை எடுத்து என் கையில் கொடுத்தார். கருகி, மேல்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ஸ்டேஷனிலிருந்து வரும்போது வண்டி நியூட்ரலில் இருந்தது, சாவி ஆஃபில் இருந்தது என்றார்.

விழுந்த பிறகு யாராவது மாற்றியிருக்கலாமே என்றேன். பழைய தொழில் புத்தி.

“சாவிய யார் வேணா திருப்பலாம் சார். ஷூவ யார் கருக்குறது?”

மலை இறங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒரு பழக்கம் உண்டு. ஏற்றம் முடிந்து இறக்கம் ஆரம்பித்ததும் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். நியூட்ரலில் போட்டுவிட்டால் வண்டி தானாக இறங்கும். பெட்ரோல் மிச்சம். சத்தமில்லை, காற்று மட்டும்... நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கியரில் இருக்கிற இன்ஜின்தான் இறக்கத்தில் வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வருவது. அதை விட்டுவிட்டால் மலையின் மொத்த இறக்கத்தையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டும். சூடேறும், கருகும். ஏதோ ஒரு வளைவில், எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

நானும் அப்படி இறங்கியவன்தான். மலைக்குச் செய்தி சேகரிக்கப் போன காலத்தில் இன்னொரு நிருபர் சொல்லிக்கொடுத்தார். உயிரோடு இருப்பதற்குக் காரணம் என் திறமை இல்லை.

பஞ்சர் போட்டு முடிப்பதற்குள் பிரகாஷின் அப்பா வந்துவிட்டார். அண்ணாமலை. மலையில் மரவள்ளி போடுகிறவர். கூட அவர் மகள் பவித்ரா. மலை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே பத்தாவது முடிக்கப்போகிற பெண். பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. முருகேசனைத்தான் பார்த்தார்.

“முருகா... பிரேக்குதான போச்சு?”

ஆமாம் என்ற பதில் வேண்டும் என்று கேட்ட கேள்வி அது. போன மாதம்தான் அந்த வண்டிக்கு முருகேசன் பிரேக் ஷூ மாற்றியிருந்தார். ஆமாம் என்றால் பழி யாருக்கு வரும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

“ஆமாண்ணா. பிரேக்கு புடிக்கல.”

பொய் இல்லை. பாதி உண்மை. மீதிப் பாதியை முருகேசன் தன் தலையில் போட்டுக்கொண்டார். அண்ணாமலை திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நீளமாக மூச்சுவிட்டார். பையன் ஒழுங்காகத்தான் ஓட்டுவான், வேகமே போக மாட்டான், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதை இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. உண்மையைச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? யார் திரும்பி வரப்போகிறார்கள்?

அப்போது அண்ணாமலை மகளைக் காட்டினார்.

“இத ரெடி பண்ணிக் குடு முருகா. ஜூன்ல பாப்பா பதினொண்ணாவது சேருது. இனிமே அதுதான் எடுத்துக்கினு வரணும்.”

முருகேசன் கிரீஸ் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“பாப்பா, நீ வண்டி ஓட்டுவியா?”

“ஞாயித்துக்கெழம ஓட்டுவேண்ணா.”

“எறக்கத்துல வரசொல்ல இன்ஜினு ஓடிக்கினு இருக்குமா, ஆஃப் பண்ணிடுவியா?”

“ஆஃப்தாண்ணா. எங்க வூட்டுல எல்லாரும் அப்டித்தான்.”

முருகேசன் துணியைக் கீழே வைத்தார். “அண்ணா, நான் சொன்னது பாதிதான்,” என்று ஆரம்பித்தார். நியூட்ரலைச் சொன்னார். ஆஃபில் இருந்த சாவியைச் சொன்னார். புது ஷூவையும் கருகிய ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குரல் உயரவில்லை. ஒரு வார்த்தைகூட ஜாஸ்தி இல்லை.

அண்ணாமலை கருகியதை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. யாரைப் பார்த்தும் இல்லாமல் பேசினார்.

“சின்னதுல முன்னாடி டேங்கு மேல ஒக்காந்துக்கினு வருவான். எறக்கம் வந்ததும் அணைடாம்பேன். அவந்தான் சாவிய திருப்புவான். நான் திருப்பிட்டா அழுவான்.”

பவித்ரா அப்பாவின் தோளில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை என்று மேடைகளில் வருத்தப்படுகிறோம். கற்றுக்கொடுக்காமலா இருக்கிறோம்? பேச்சு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறோம். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறோம், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுகிறோம், போலீஸ் நின்றால் சந்தில் திரும்புகிறோம்... முன்னால் ஒருத்தன் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். பதினேழு வயதில் அவன் செய்வது எதுவும் அவனாகக் கண்டுபிடித்தது இல்லை.

அண்ணாமலைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? முருகேசன் அதைத்தான் கேட்டார். அண்ணாமலைக்கு ஞாபகம் இல்லை. எல்லோரும் அப்படித்தான் இறங்கினார்கள், தானும் இறங்கினேன் என்றார். கள்ளக்குறிச்சிக்கு வந்து சமதரையில் எட்டு போட்டுக் காட்டியிருக்கிறார். லைசென்ஸ் கொடுத்து, மலைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

வண்டியை ரெடி பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். பாப்பா பஸ்ஸிலேயே போகட்டும், லேட்டானால் பள்ளிக்கூடத்தில் தானே வந்து பேசிக்கொள்கிறேன் என்றார். வாசல்வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பி வந்தார்.

“அப்போ எப்டித்தான் எறங்கறது முருகா?”

முருகேசன் கையைக் கழுவினார். பிறகு ஒர்க்‌ஷாப் வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டார். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும், சாவியைத் தொடவே கூடாது, மீதியை மேலே போய்க் காட்டுகிறேன் என்று சொல்லி அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். இருவரும் மலைப் பக்கம் போனார்கள். பவித்ரா என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

புது மாணவருக்கு வயது நாற்பத்து நான்கு. லைசென்ஸ் இருபது வருடமாகச் சட்டைப்பையில் இருக்கிறது.