மும்தாஜுடன் போட்ட கடைசிச் சண்டை

மும்தாஜின் நம்பரிலிருந்துதான் அந்த அழைப்பு வந்தது. செண்பகனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் சண்டையின் மிச்சத்தைப் போடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "என்ன தாயே, கல்யாண வீட்லயும் இதே சோலிதானா?" என்றேன். பேசியது அவள் கணவர் அப்பாஸ். "அண்ணே, மும்தாஜ் மௌத்தாயிட்டா." பழனியில் உறவினர் கல்யாணத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. "சரி, எப்ப வருவா?" என்று நான் கேட்டேனாம். அப்பாஸ் பிற்பாடு சொன்னார்.

இரங்கல் கூட்டத்தில் அவளைப் பொறுமைசாலி, அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் சொன்னார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இத்தனை வருடம் அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். வாய் ஓயாது, கை ஓயாது. அவளை அறிந்தவர்களே, உங்கள் மும்தாஜ் அமைதியானவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். என்னுடையவள் வேறு.

நாங்கள் செய்தது, குறைமாதக் குழந்தைகளின் நாடித்துடிப்பைக் கவனிக்கும் கருவிக்கான பவர் சப்ளை. மேல்மலைச் சுகாதார நிலையங்களில் சோலார் பேட்டரியில் ஓடுவது. ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று வழிகள் பிரியும்: கருவியின் கணினிச் சில்லுக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று, குழந்தையின் உடம்பில் ஒட்டும் உணரிக்கு ஒன்று. ஒன்றில் கோளாறு வந்தால் குழந்தைக்குத் தாவிவிடக் கூடாது என்பதால், மூன்றுக்கும் இடையே கம்பித் தொடர்பே கிடையாது. அதில் ஒரு சிக்கல் உண்டு. சில்லுக்குப் போகும் வோல்டேஜை மட்டும்தான் சர்க்யூட் கவனித்துத் திருத்தும். மற்ற இரண்டும் அதன் பின்னால் இழுபட்டு வர வேண்டியதுதான். பட்டறையில் மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. முதல் பெட்டியை மேல்மலையில் கவுஞ்சி சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம்.

கவுஞ்சியிலிருந்து நர்ஸ் அமலா போன் செய்தார். "அலாரம் தொண்டை கட்டுன மாதிரி வருதுங்க சார். பிள்ள பக்கத்துலயே நின்னதால எனக்குக் கேட்டுச்சு. அந்தப் பக்கம் மருந்து எடுக்கப் போயிருந்தேன்னா கேட்டிருக்காது." மும்தாஜ் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அமலா, இன்னைலருந்து அந்தப் பெட்டிய நம்பாதீங்க. பிள்ளய விட்டு நகராதீங்க" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

காரணத்தை அன்றைக்கே பிடித்துவிட்டோம். சில்லு சும்மா இருக்கும்போது சர்க்யூட் தன் மூச்சைக் குறைத்துக்கொள்கிறது. அந்த நேரம் அலாரம் அடித்தால் அதற்கு வோல்டேஜ் பற்றவில்லை. சில்லின் வழியில் ஒரு ரெசிஸ்டரை மாட்டி, எப்போதும் கொஞ்சம் மின்சாரம் செலவாகும்படி செய்தால் போதும், வெரசா பெட்டிகளை அனுப்பிவிடலாம் என்றேன் நான். அலாரத்துக்கும் உணரிக்கும் வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டரைத் தனித்தனியாக வைக்க வேண்டும், அவற்றுக்குக் கூடுதல் வோல்டேஜ் போகும்படி டிரான்ஸ்பார்மரையும் புதிதாகச் சுற்ற வேண்டும் என்றாள் அவள்.

"மழை மாசத்துல கவுஞ்சில வெயில எங்கண்ணே பாக்குறது? ஒங்க ரெசிஸ்டர் பேட்டரியத் தின்னுட்டுக் கெடக்கும். அப்புறம் இந்தக் கம்முன சத்தங்கூட வராது."

"நீ சுத்தி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பிள்ள பள்ளிக்கூடம் போயிரும்."

"போகட்டும்ணே. உசுரோட போகட்டும்."

அப்போதே கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். முடித்த ஒவ்வொரு பெட்டியிலும் மற்றதையெல்லாம் சும்மா போட்டுவிட்டு அலாரத்தை மட்டும் அலறவிடுவாள். "யாரும் பாக்காத வோல்டேஜத்தான் மொதல்ல பாக்கணும்" என்பாள். எதிர்த்த டீக்கடை ராவுத்தர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "ஏம்மா, பஸ்ஸு ஹாரனே தேவலாம்மா. யாவாரத்தக் கெடுக்காத." அவரையும் உட்காரவைத்து, சத்தம் எந்தப் பெட்டியில் குறைகிறது என்று கேட்டு வேலை வாங்கினாள். இறப்பதற்கு முந்தின நாள், கல்யாணத்துக்குக் கிளம்பும்போதும் சண்டைதான். "நான் வர்றதுக்குள்ள ரெசிஸ்டரத் தூக்கிட்டு வந்தீங்க, பாத்துக்கங்க!" என்று சொல்லிவிட்டுப் பழனி பஸ் ஏறினாள்.

அடக்கம் முடிந்து திரும்பினால், பட்டறையில் பாதிப் பெட்டிகள் திறந்தபடி கிடந்தன. அமலா தினமும் போன் செய்தார். ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், இன்னொன்று வந்திருக்கிறது, தூங்காமல் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறோம் என்றார். இப்போது தடுக்க யாரும் இல்லை. ரெசிஸ்டரைக் கையில் எடுத்தேன், வைத்தேன், வெளியே போய் டீ குடித்தேன், திரும்ப வந்து எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. நண்பகலில் லைட் போட்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. இந்த வெளிச்சத்தில் எந்த சோலார் பேட்டரி நிறையும்? அவளைத் திட்டிக்கொண்டே டிரான்ஸ்பார்மரைச் சுற்ற உட்கார்ந்தேன்.

சுற்றி முடித்து, சில்லை முழு மும்முரத்தில் ஓடவிட்டு அலாரத்தை அடிக்கவிட்டேன். சத்தம் கணீரென்று வந்தது. ஆனால் அவளுடைய ரெகுலேட்டரில் விரல் வைத்தால் சுட்டது. சில்லுக்கு வேலை கூடும்போது அலாரத்தின் வோல்டேஜ் ஏறுகிறது. அந்த அதிகப்படியையெல்லாம் ரெகுலேட்டர் சூடாக்கித்தான் தள்ளியாக வேண்டும். குறைவதையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஏறுவதை மறந்துவிட்டாள். கடைசியில் மாட்டினாயா! எதிர் மேஜையைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டேன். அங்கே அவள் சால்வை மட்டும் நாற்காலியில் கிடந்தது. அதன் பிறகு அன்றைக்கு என்னால் வேலை செய்ய முடியவில்லை.

மறுநாள் ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் சூட்டை வாங்க அலுமினியத் தகடு வைத்தேன், பெட்டிகளில் காற்றுத் துளை போட்டேன். கவுஞ்சிக்கு நானே கொண்டுபோனேன். அமலா சோதிக்க அழுத்தியதும் அலாரம் அலறியது. குழந்தை வீரிட்டது. "இப்பத்தான் கண்ணசந்துச்சு, இப்படியா கத்தவிடுவீங்க?" என்று அதன் தாய் என்மேல் பாய்ந்தாள். அமலா சிரித்துக்கொண்டே அழுதார். அன்று அவர் வெள்ளனே வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

யாரும் பார்க்காததை முதலில் பார்ப்பது என்ற அவளுடைய வழக்கம் இப்போது என்னுடையது. அதோடு, இத்தனை வருடச் சண்டையில் நான் ஜெயித்த ஒரே ஒரு சண்டையும் என்னிடம் இருக்கிறது. அவளிடம் சொல்ல முடிந்திருந்தால், ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டாள்.