சித்தி நடித்த கல்யாணப் படம்

எங்கள் குடும்பத்தில் சினிமாவில் நடித்தவர் சித்தி ஒருவர்தான். அன்றைக்கு நாங்கள் எல்லோரும்தான் நடிக்கப் போனோம். ஆனால் அப்பாவின் தோளும் அம்மாவின் முழங்கையும் என்னுடைய ஒற்றைப் பின்னலும் திரையில் வந்து போனதை நடிப்பு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சித்தியின் முகம் மட்டும் ஒரு சுவரளவுக்கு வந்தது. அவருக்கு வசனம் எதுவும் கொடுக்கவில்லை. வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. சிட்னியில், நார்த்மீட்டில் இருந்தோம். சித்தி, அம்மாவின் தங்கை. அம்மாதான் ஸ்பொன்சர் செய்து அவரை அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டவர். எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்குப் போய்வந்தார். வயது முப்பத்தொன்று. அந்த வயதை அம்மா யாருக்காவது சொல்லும்போது, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார். சாதகங்கள் வந்தன, போயின. ஒவ்வொரு முறையும் அம்மா தங்கையின் எண்ணத்தைக் கேட்பார். சித்தி, "உங்கட விருப்பம் அக்கா" என்பார். அந்தப் பதில் அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். இப்படி அடக்கமான பிள்ளைக்கு ஒன்றும் சரிவரவில்லையே என்று பிள்ளையாரிடம் கோபித்துக்கொள்வார்.

அப்பாவின் அண்ணர், அதாவது என் பெரியப்பா, சிட்னியிலிருந்து அரைநாள் கார் ஓடினால் வருகிற ஒரு சின்ன ஊரில் டொக்டர். ஊர் என்றால் ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு மண்டபம், கணக்கில்லாத செம்மறிகள். அங்கே ஒரு பகிடிப் படம் எடுக்க ஆட்கள் வந்து இறங்கினார்கள். சின்ன ஊர்க் கல்யாணம் ஒன்று குழம்பிக் குழம்பி ஒருவழியாக நடந்து முடிகிற கதை. கல்யாணத்துக்குக் கூட்டம் வேண்டும், ஊர்ச்சனம் காணாது. உங்கள் சொந்தக்காரரையும் கூட்டி வர முடியுமா என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரிடம் இதைக் கேட்கலாமா?

பெரியப்பாவின் மூளை வேறு பக்கம் ஓடியது. மெல்பேர்னில், கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பொடியனை அவருக்குத் தெரியும். அங்கே த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் பழக்கமான குடும்பம். பெண் பார்ப்பதைக் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் வைத்துக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். பிடிக்காவிட்டால் கும்பிட்டுவிட்டு அவரவர் வழியில் போய்விடலாம். ஆனால் கோயிலில் பார்த்தால் நாலு பேர் கண்ணில் படும், அந்த நாலு பேருக்கும் வாய் இருக்கும்.

"இஞ்சை ஒரு தமிழ்ச்சனமும் இல்லை. முழுக்க வெள்ளைக்காரரும் செம்மறியும்தான். ஆறுதலாப் பாக்கலாம்" என்று பெரியப்பா போனில் சொன்னார். இப்படித்தான் ஒரு படப்பிடிப்பில் பெண் பார்ப்பது என்று முடிவானது. படக்காரர்களுக்கும் ஒரு சொல் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வழக்கமாகக் கல்யாணத்துக்கு உடுத்துவதை உடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். சித்திக்குப் பச்சைக் காஞ்சிபுரம், தலை நிறையப் பூ, கழுத்தில் அம்மாவின் நகையும் பெரியம்மாவிடம் இரவல் வாங்கிய நகையும். படத்தின் மணப்பெண் எங்கள் சித்தியைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய வெள்ளைக் கவுனை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

அம்மா வரும் வழியெல்லாம் திட்டம் போட்டிருந்தார். சித்தியும், தாயாரோடு வருகிற மெல்பேர்ன் மாப்பிள்ளையும் ஒரே வரிசையில் இருக்கவேண்டும், மாப்பிள்ளை திரும்பினால் சித்தியின் வலப்பக்க முகம் தெரியவேண்டும், வலப்பக்கம்தான் எடுப்பு. படக்காரர்களின் பக்கமிருந்து, காதில் கருவி மாட்டிய ஒரு மெலிந்த பெண் வந்து அத்தனையையும் தவிடுபொடியாக்கினார். அவரும் நிறம் பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது உடுப்பின் நிறம். அம்மாவின் ஊதாச் சேலை மாப்பிள்ளையின் சாம்பல் கோட்டுக்குப் பொருந்துகிறது என்று இருவரையும் பக்கத்தில் இருத்தி, நீங்கள் கணவன் மனைவி என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளையின் தாயாருக்குப் பெரியப்பா கணவரானார். அப்பாவுக்குத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி. சித்திக்குக் கிடைத்தவர் அந்த ஊர்ச் செம்மறிப் பண்ணைக்காரர், கதவளவு முதுகு. என்னை அவர்கள் இருவருக்கும் நடுவில் இருத்தி, இது உங்கள் பிள்ளை என்றார். நான் பண்ணைக்காரரின் சிவந்த முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் நம்பிக்கை வரவில்லை.

இருந்த இடத்தை மாற்றவும் முடியாது. ஒருமுறை எடுத்துவிட்டால் பொழுதுபடும்வரை அவரவர் அதே கதிரையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் படத்தில் ஆட்கள் துள்ளுவதுபோல் தெரியுமாம். அதைவிடப் பெரிய சட்டம் ஒன்றும் இருந்தது. விருந்தினர் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல் தெரியவேண்டும், ஆனால் சத்தம் வரக்கூடாது. வாய் மட்டும் அசையட்டும் என்றார்கள். நடிகர்களின் குரல் மட்டும்தான் பதிவாகவேண்டுமாம்.

அப்பா சத்தமில்லாமல் தேவாரம் பாடினார். நான் ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். அம்மாவுக்கு மட்டும் அந்தக் கலை பிடிபடவில்லை. முதல்முறை எடுத்தபோதே, மணப்பெண் கண்ணீரோடு ஏதோ சொல்லி நிறுத்திய இடத்தில், மண்டபம் முழுவதும் கேட்க ஒரு குரல் வந்தது.

"தம்பிக்குப் புட்டு விருப்பமோ, இடியப்பம் விருப்பமோ?"

"ரெண்டும் விருப்பம் அன்ரி" என்று மாப்பிள்ளை பதிலும் சொல்லிவிட்டார், பாவம். ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றார். அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்தது. அதன்பிறகு கையாலும் கண்ணாலும் விசாரணை தொடர்ந்தது. இரண்டு வரிசை பின்னால் இருந்து அப்பா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் தன் பக்கத்தில் இருந்து அம்மா இப்படிச் சிரித்ததேயில்லை என்று திரும்பி வரும்போது கார் முழுக்க முறைப்பாடு.

அன்று எடுக்கவேண்டியிருந்தது ஒரே ஒரு காட்சி. மோதிரம் மாற்றும் நேரத்தில் ஒரு செம்மறி மண்டபத்துக்குள் வந்து கல்யாணக் கேக்கைத் தின்னவேண்டும். செம்மறி வந்தது. கேக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாமரம் வீசாத குறையாக அதைத் தாங்கினார்கள், மசியவில்லை. எனவே மறுபடி மறுபடி எடுத்தார்கள். மறுபடி மறுபடி எல்லோரும் வாயசைத்தோம்.

எனக்கு வாய்ப்பாடு அலுத்துவிட்டது. சித்தியைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் மீன்தொட்டி மீன்கள்போல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்க, சித்தி மட்டும் உண்மையாகவே பேசிக்கொண்டிருந்தார். பண்ணைக்காரரின் பக்கம் நன்றாகத் திரும்பி, கையை விரித்து, இடையில் மூச்செடுத்துப் பேசினார். வீட்டில் சித்தி இவ்வளவு பேசி நான் கண்டதில்லை. கேட்பதுபோல் நடிக்கச் சொல்லியிருந்ததால் பண்ணைக்காரர் புருவத்தைச் சுருக்கித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை சித்தியின் கண் கலங்கிப்போக, அவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். நல்ல நடிகர் என்று நினைத்தேன்.

"என்ன சித்தி சொல்லுறீங்கள்?" என்று இடைவேளையில் கேட்டேன்.

"சும்மா, ஒண்டு ரெண்டு எண்ணுறன்" என்றார்.

எனக்குச் சந்தேகம்தான். எண்ணிக்கொண்டு போனால் வாய் மாறிக்கொண்டே போகவேண்டும். சித்தியின் உதடுகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கே வந்தன. வெள்ளைக்காரருக்கு விளங்கட்டும் என்று மூன்று வரைக்கும் எண்ணிவிட்டுத் திரும்பவும் தொடங்குகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில், கூடாரத்துக்குள், காகிதக் குவளையில் தேநீர் கொடுத்துப் பெண் பார்த்து முடித்தார்கள். "பிள்ளை நல்ல அமைதி" என்று மாப்பிள்ளையின் தாயார் மெச்சினார். மாப்பிள்ளை உண்மையிலேயே நல்ல பிள்ளை. ஒரு குறையும் சொல்ல இல்லை. அரைநாள் மனைவியாக இருந்து பார்த்த அம்மாவே முழுத் திருப்தியில் இருந்தார். அன்று பின்னேரம் காரில் ஏறுமுன் அம்மா தங்கையைக் கேட்டார்.

"உங்கட விருப்பம் அக்கா."

மண்டபம் பதிவாயிற்று. எனக்குப் பட்டுப்பாவாடை தைக்கக் கொடுத்தார்கள். அழைப்பிதழ் அச்சாகி வந்த நேரத்தில் படமும் வெளியானது. இரண்டையும் சேர்த்துக் கொண்டாட, அம்மா சொந்தபந்தம் முழுவதையும் பரமட்டாவில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனார். சித்தி வேலை என்று வரவில்லை.

அப்பாவின் தோள் வந்தபோது நாங்கள் கைதட்டினோம். முழங்கை வந்தபோது அது தன்னுடையதுதானா என்று அம்மாவுக்கே தெரியவில்லை. பிறகு செம்மறி உள்ளே வந்தது. கமரா அதன் பின்னாலேயே போய், திடீரென்று நிமிர்ந்து, சித்தியின் முகத்தில் போய் நின்றது. ஆடு வந்ததுகூடத் தெரியாமல் ஒரு மனைவி கணவனைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருக்கிறாள், அவர் பேசாமல் தலையாட்டுகிறார். தியேட்டரே குலுங்கியது. பெரியப்பா தொடையில் அடித்துச் சிரித்தார். நான்தான் எல்லோரிலும் பலமாகச் சிரித்திருப்பேன். அம்மாவும் சிரித்தார். பொப்கோர்னுக்குள் விட்ட அவருடைய கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியப்பா ராகுகாலத்தைக் குற்றம் சொன்னார், அப்பா படக்காரர்களைக் குற்றம் சொன்னார், நான் பட்டுப்பாவாடைக்காக ஒரு கிழமை, ஏழு நாளும், சாப்பிடாமல் இருக்க முயன்று ஒரு வேளையோடு விட்டேன். மெல்பேர்ன்காரருக்கு அம்மா என்ன காரணம் சொன்னார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. சித்தி இப்போதும் நார்த்மீட்டில்தான், தனியாக ஒரு வீட்டில், தன்பாட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அம்மாவோடு வாய்விட்டுச் சண்டை பிடிக்கிறார்.

ஆனால் நான் சொல்லவந்தது அதற்கு முந்தியது. முதல்முறை பார்த்த அதே கிழமையில் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போய் அந்தப் படத்தை இன்னொருமுறை பார்த்தார். முழங்கையைப் பார்க்கப் போகிறார் என்று அப்பா பகிடி பண்ணினார். மூன்றாம் தடவை, என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், என்னையும் கூட்டிப்போனார். பட்டப்பகல், தியேட்டரில் பத்துப் பேரும் இல்லை.

சித்தியின் முகம் வந்தது. நான் சிரிக்கத் தயாராக அம்மாவின் பக்கம் திரும்பினேன். அம்மா முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்திருந்தார். சித்தியின் உதடு அசைய அசைய அம்மாவின் உதடும் அப்படியே அசைந்தது. சத்தமில்லாமல் வாயசைக்க அம்மா ஒருவழியாகப் பழகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். உடனே அதைக் கெடுத்துக்கொண்டு மெல்லிய சத்தம் வந்துவிட்டது.

"எனக்கு வேண்டாம் அக்கா… எனக்கு வேண்டாம் அக்கா."

அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினார். பாதிப் படத்தில் வெளியே வந்தோம். கார் நிறுத்துமிடத்தில், காரை ஸ்டார்ட் பண்ணத் திறப்பைப் போடாமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. படத்தை முடிவுவரை பார்க்காமல் வந்துவிட்டோம், அந்தக் கவலையாக்கும் என்று நினைத்தேன். எனக்கு முடிவு நினைவிருந்தது. அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

"அழாதேங்கோ அம்மா. கடைசியிலை எப்பிடியும் கலியாணம் நடக்கும்."